ஆர்லோவின் தப்பாத துப்பாக்கி

சனிக்கிழமை, மாலை ஐந்தே கால்.

துணை ஷெரிஃப் மார்வா டீட்ஸ் ஆப்பிள் பை என்ற இனிப்புப் பண்டத்தின் இரண்டாவது துண்டில் கரண்டியை இறக்கியபோது வெளியே ஒரு பெண் அலறினாள். அதற்குச் சற்று முன்னால் ஒரு துப்பாக்கிச் சத்தமும் கேட்டிருந்தது. தீயணைப்பு மன்றத்துக்குள் இருந்த அத்தனை பேர் காதிலும் அது விழுந்தது. ஒருவர்கூடத் தலையைத் திருப்பவில்லை. நவம்பர் மாதம், மான் வேட்டை தொடங்க இன்னும் சில நாள்தான். லிக்கன்ஸ் ரன் ஊரில் வீட்டுக்கு வீடு கொல்லையில் நின்று துப்பாக்கியைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும் காலம். அந்த ஊரில் நாய் குரைத்தால் யார் வீட்டு நாய் என்று கேட்பார்கள். துப்பாக்கிச் சத்தத்தை யார் சட்டை செய்வது?

அலறல் வேறு சங்கதி. மார்வா ஓடினாள்.

தீயணைப்பு மன்றத்தின் வராந்தாவில் டென்னி ஹார்போல்ட் மல்லாந்து கிடந்தான். நெஞ்சில் ஒரே ஒரு குண்டு. பக்கத்தில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அலறிய ட்ரீனா ஸ்டம்ப் நின்றிருந்தாள். அன்று மன்றத்தில் ஊர் விருந்து. பீன்ஸ், சோள ரொட்டி, மான்கறி, வரிசையாக இனிப்புகள். எல்லாரும் உள்ளே தின்றுகொண்டிருந்தபோது இவர்கள் இருவரும் காப்பிக் கோப்பையோடு காற்று வாங்க வெளியே வந்திருக்கிறார்கள்.

"எங்கேர்ந்து வந்துச்சு ட்ரீனா?"

"அங்கேர்ந்து. ஓடைக்கரை மரத்துப் பக்கம்."

"ரெண்டு பேரும் எப்படி நின்னீங்க?"

"ஓடையப் பாத்துதான். இங்க நான். என் வலது கைப் பக்கம் டென்னி. பேசிட்டே இருந்தான் மார்வா, பேசிட்டே இருந்தான்…"

"என்ன பேச்சு?"

ட்ரீனா தயங்கினாள். "நான் ஒஹையோ போறதப் பத்தி. எங்க அக்கா வீட்டுக்கு."

"எத்தன நாளைக்கு?"

அதற்குள் அவள் புருஷன் ராய்ஸ் வண்டிகள் நிற்கும் பக்கமிருந்து மூச்சிரைக்க ஓடிவந்துவிட்டான். வந்தவன் டென்னியின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தான். ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள், ஒரே சுரங்கத்தில் ஒரே ஷிஃப்டில் இறங்கியவர்கள். அந்த அழுகையைப் பார்க்க முடியாமல் கதவோரம் நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

மார்வா அழுகைக்கு நிற்கவில்லை. யாரும் வெளியே வரக்கூடாது என்று சத்தம் போட்டுவிட்டு ஓடைக்கரைக்குப் போனாள். மரங்களை ஒட்டி ஐந்து பிக்கப் வண்டிகள் நின்றன. ஒன்றுகூடப் பூட்டியிருக்காது என்று அவளுக்குத் தெரியும். அந்த ஊரில் வண்டியைப் பூட்டுவது அக்கம்பக்கத்தாரைத் திருடன் என்று சொல்வதற்குச் சமம். மூன்றாவது வண்டி ஆர்லோ கூன்ஸுடையது. பின் கண்ணாடியில் மான் துப்பாக்கி மாட்டியிருந்தது. அது குளிர்ந்து கிடந்தது. டேஷ்போர்டுப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே கைத்துப்பாக்கி. குழல் இன்னும் சூடு. மருந்து நாற்றம் குப்பென்று அடித்தது. குழலின் நுனியில் இருந்த குறிபார்க்கும் முளையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொட்டு அந்த மங்கலிலும் பளிச்சென்று தெரிந்தது. துப்பாக்கியை உறையில் போட்டு, தன் வண்டியின் டிக்கியில் வைத்துப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டாள். வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை.

ஆர்லோ மன்றத்தின் பின்புறம், எரிவாயுத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். எழுபத்தொரு வயசு. தனியாக.

"இங்க என்ன பண்றீங்க?"

"சிகரெட்டு. விட்டுட்டேன்னு என் பொண்டாட்டி வில்லாகிட்ட சத்தியம் பண்ணிருக்கேன். சொல்லித் தொலைச்சிடாதே."

"யாராவது பாத்தாங்களா உங்கள?"

"பாக்கக் கூடாதுன்னுதானே இங்க வந்தேன்!"

மார்வா விலங்கை எடுத்தாள். எடுக்காமல் என்ன செய்வாள்? செப்டம்பரில் ஆர்லோவின் நாய் டென்னியின் கோழியைப் பிடிக்க, டென்னி நாயைச் சுட்டான். மறுநாள் முடிதிருத்தும் கடையில், கடை நிறைய ஆள் இருக்கும்போது, "உன்னைக் குழில வச்சுட்டுத்தான்டா நான் போவேன்" என்று ஆர்லோ கத்தியதை ஊரே அறியும்.

சனிக்கிழமை, ஏழு மணி.

மார்வாவின் மேலதிகாரி ஷெரிஃப் டாலிவர் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். "துப்பாக்கி இருக்கு, பகை இருக்கு, ஆளு தனியா நின்னிருக்கான். திங்கக்கெழம காலைல மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தறோம். முடிஞ்சது கதை."

"மத்தவங்கள விசாரிக்கணும் ஷெரிஃப்."

"விசாரி, விசாரி. யார் வேண்டாம்னது?"

மன்றத்தின் சமையலறையில் மார்வா அலைபேசிப் பதிவை ஓடவிட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். அவர்களுக்குள் ஒரு மாதிரிப் பார்வை ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரனையே இன்றைக்குத்தான் முதல்முறை பார்ப்பதுபோல ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ராய்ஸ் ஸ்டம்ப் கண் வீங்கி வந்து உட்கார்ந்தான்.

"சத்தம் கேட்டப்ப எங்க இருந்த?"

"என் வண்டில. ட்ரீனா செஞ்ச ஆப்பிள் பை வண்டிலயே இருந்துச்சு. எடுத்துட்டு வரப் போனேன்."

"யாரையாவது பாத்தியா?"

"இல்ல."

"ஆர்லோவோட துப்பாக்கி தெரியுமா உனக்கு?"

"துப்பாக்கி கிளப்புல யாருக்குத் தெரியாது? ஆகஸ்ட் பிக்னிக்ல அவரே கையில குடுத்து, சுட்டுப் பாருடான்னாரு. பாத்த எடத்துல போய் உக்காரும். தப்பவே தப்பாது."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் அதை நான் கண்ணால பாக்கல." திடீரென்று அவன் குரல் உடைந்தது. "மங்கின வெளிச்சத்துல அந்த ஆரஞ்சுப் பொட்டை எங்க டென்னி நெஞ்சு மேல வச்சு அழுத்திருக்கான் மார்வா, அந்தக் கெழவன். எப்படி மனசு வந்துச்சு அவனுக்கு? ஒரு நாய்க்காக!"

மார்வா அவன் தோளைத் தட்டி அனுப்பிவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, காலை.

உள்ளதைச் சொன்னால் மார்வாவுக்கு ஆர்லோவைப் பிடிக்காது. வியாழக்கிழமை தோறும் கைத்துப்பாக்கிக் கிளப்பில் எல்லாரும் கூடிச் சுடுவார்கள். அங்கே மனிதர் வாயைத் திறந்தால் மூடமாட்டார். இவள் சுட்டதைப் பார்த்து, "குறி தவறினாலும் பரவாயில்ல, சத்தம் நல்லா வந்துச்சு" என்பார். யாராவது தன் துப்பாக்கியில் வீட்டிலேயே ஏதாவது மாற்றிக்கொண்டு வந்தால் போச்சு, அவனுக்கு அந்த வருஷம் முழுக்க 'கிச்சன் கொல்லன்' என்றுதான் பேர். "சுத்தியல எடுத்து அடிக்க இது என்ன குதிரை லாடமா? நான் ஒரு திருகாணின்னாலும் சார்ல்ஸ்டன்ல இருக்கற கைதேர்ந்த ஆள்கிட்டதான் குடுப்பேன்." கிளப்பில் முக்கால்வாசிப் பேர் அவரிடம் இந்தப் பேர் வாங்கியவர்கள்.

ஆனால் பிடிக்காத ஆள் என்பதற்காக ஒருவர் சாகும்வரை சிறையில் கிடக்க முடியுமா? எழுபத்தொரு வயசில் உள்ளே போனால் சவப்பெட்டியில்தான் வெளியே வருவார். விலங்கு மாட்டியவள் இவள். இரவு முழுக்க அது உறுத்திக்கொண்டே இருந்தது.

காவலறைக்குப் போய், கைதானவரின் உரிமைகள் அச்சிட்ட தாளைக் கம்பி வழியாக நீட்டினாள். ஆர்லோ அதை வாங்கிக் கையெட்டும் தூரம் தள்ளிப் பிடித்தார். பிறகு இன்னும் தள்ளினார். பிறகு திருப்பிக் கொடுத்தார்.

"நீயே படிச்சுச் சொல்லு. கண்ணாடி கொண்டு வரல."

"உங்களுக்குக் கண்ணாடியே கெடையாதே?"

"அதான் கொண்டு வரலேங்கறேன்."

அவருடைய இடது கட்டைவிரல் நகம் கன்றிக் கறுத்துப் போயிருந்தது.

"விரல்ல என்ன?"

"கதவுல மாட்டிக்கிச்சு."

"வியாழக்கெழம ஏன் கிளப்புக்கு வரல? பதினஞ்சு வருஷமா ஒரு வாரம் விட்டதில்லயே?"

"சளி."

"ஆர்லோ, அரசு வக்கீல் என்ன சொல்வார் தெரியுமா? வியாழக்கெழம ஆளு வீட்ல உக்காந்து கொலைக்குத் திட்டம் போட்டான்னு சொல்வார்."

"சளின்னா சளிதான். போ வேலையப் பாரு."

வாய் ஓயாத மனிதர் வாயை மூடிக்கொண்டது மார்வாவுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. இவர் எதையோ மறைக்கிறார். ஆனால் கொலையை மறைக்கிறவனுக்கு இத்தனை வெட்கம் இருக்குமா?

அங்கிருந்து நேராகக் கூன்ஸ் வீட்டுக்குப் போனாள். ஆர்லோவின் மனைவி வில்லா அழுது முடித்து, கோபத்தில் இருந்தாள். காப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். சமையலறை மேஜையின் ஓரத்தில் ஒரு புதுப் பள்ளம் விழுந்திருந்ததை மார்வா தடவிப் பார்த்தாள்.

"இது என்ன வில்லா?"

"அதையேன் கேக்கற! புதன்கெழம நான் சர்ச்சுக்குப் போயிட்டு வந்து பாக்கறேன், என் ரொட்டி வெட்டற பலகை ரெண்டா பொளந்து கெடக்கு. மேஜைல ஊஞ்சல் மாட்ற கிளாம்பு. நல்ல காலுறை ஒண்ணு கிழிஞ்சு கெடக்கு. துணி மாட்ற மரக் கிளிப்பையெல்லாம் ஒடச்சு வச்சிருக்கார். என்னயா இதுன்னா, விளக்கச் சரி பண்ணேன்ங்கறார். எந்த விளக்க? வீட்ல ஒரு விளக்கும் கெட்டுப் போகல!"

"அதெல்லாம் எங்க இப்போ?"

வில்லா அடுப்புக்குக் கீழேயிருந்த குப்பைக் கூடையை இழுத்தாள். உடைந்த மரக் கிளிப்புகள். ஒரு பக்கம் நசுங்கிய பித்தளைத் தோட்டா உறை. பிளந்த பலகைத் துண்டு. அடியில் ஒரு பேக்கிங் பவுடர் டப்பா. மூடியைத் திறந்தால் பஞ்சுக்குள் இரண்டு சின்ன இரும்புத் துண்டுகள். இரண்டும் கன்னங்கரேலென்று இருந்தன.

மார்வா அவற்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். கைத்துப்பாக்கியில் குறி பார்க்க இரண்டு பொருள் உண்டு. குழல் நுனியில் ஒரு முளை. பின்னால் நடுவில் பிளவு விட்ட ஒரு தட்டு. தட்டின் பிளவுக்குள் முளை தெரியும்படி வைத்துச் சுட்டால் குண்டு அங்கே போகும். தட்டு மயிரிழை இடப்பக்கம் நகர்ந்தால் குண்டும் இடப்பக்கம் போகும். இவை ஆர்லோவின் பழைய முளையும் பழைய தட்டும்.

"வில்லா, அன்னிக்கி அவர் வீட்ல எங்கயாவது சுட்டாரா?"

"கொட்டகைக்குப் பின்னால. கொஞ்ச நேரம்தான். அப்புறம் உள்ள வந்து சாப்பிடாம படுத்துட்டார்."

கொட்டகைக்குப் பின்னால் ஒரு பலகை நின்றது. நடுவில் சுண்ணாம்பில் வட்டம். வட்டத்துக்குள் ஒரு ஓட்டைகூட இல்லை. எல்லா ஓட்டையும் வட்டத்துக்கு இடப்பக்கம், ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிக் கிடந்தன. கை நடுங்கியவன் சுட்டதில்லை இது. நல்ல கை, கெட்ட துப்பாக்கி. பக்கத்தில் மண்ணில் கிடந்த தோட்டா உறைகளிலிருந்து பலகைக்குப் பதினைந்து காலடி இருந்தது. மன்றத்து ஓடைக்கரையிலிருந்து வராந்தாவுக்கு நாற்பது. மார்வா மனசுக்குள் கணக்குப் போட்டாள். இங்கே சாண் என்றால் அங்கே ஏறக்குறைய ஒரு முழம்.

டப்பாவை எடுத்துக்கொண்டு அவள் வண்டிக்கு ஓடினாள்.

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல்.

பேக்கிங் பவுடர் டப்பாவைக் கம்பிக்கு இந்தப் பக்கம் வைத்ததும் ஆர்லோ முகத்தைப் பொத்திக்கொண்டார். ஷெரிஃப் டாலிவர் சுவரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க கிச்சன் கொல்லரே," என்றாள் மார்வா.

"குத்தாதே."

"சொல்லுங்க."

"முன் முளை தெரிய மாட்டேங்குது எனக்கு. போன வருஷத்துலேர்ந்தே மங்கல். ஆரஞ்சுப் பொட்டு வச்சது இருந்தா தெரியும்னு தபால்ல வரவழைச்சேன். சார்ல்ஸ்டன்காரன்கிட்ட குடுத்தா, என்ன ஆர்லோ, கண்ணு போச்சான்னு கேப்பான். அடுத்த வியாழக்கெழமைக்குள்ள கிளப் பூராவும் தெரிஞ்சிடும். அதான் நானே பண்ணிடலாம்னு…" அவர் மூக்கை உறிஞ்சினார். "இரும்ப இறுக்கிப் பிடிக்கற வைஸ் கெடையாது வீட்ல. காலுறைல சுத்தி, மேஜைல கிளாம்பு போட்டேன். மரக் கிளிப்பை அண்டக் குடுத்து, பித்தளை உறைய வச்சு சுத்தியலால தட்டினேன். முன்னது நல்லா உக்காந்துச்சு. பின் தட்டு வலது பக்கத்துலேர்ந்து காடிப் பள்ளத்துக்குள்ள போகணும். போச்சு. நடுவுல நிக்கல. இன்னும் ஒரே தட்டுன்னு தட்டினேன், நடுவத் தாண்டி இடது பக்கம் போய் இறுகிடுச்சு. திருப்பி எவ்ளோ அடிச்சாலும் அசையல. கடைசி அடி விரல்ல."

"இடது பக்கம் சுடுதுன்னு தெரிஞ்சுதான் வியாழக்கெழம வரல."

"எப்படி வருவேன்? எத்தன பேர எத்தன பேச்சு பேசிருக்கேன்."

"யார்கிட்டயாவது காட்டினீங்களா இதை? வில்லா பாத்தாளா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"காட்டறதா? அதுக்குத் தூக்குல தொங்கலாம். பெட்டில போட்டு மூடினவன்தான். திங்கக்கெழம ரகசியமா சார்ல்ஸ்டன் போலாம்னு இருந்தேன்."

ஷெரிஃப் தொண்டையைக் கனைத்தார். மார்வாவை வெளியே அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். "இதுல என்ன கண்டுட்ட? கோணல்னு அவனுக்குத் தெரியும். ஒரு முழம் தள்ளி வச்சு டென்னிய அடிச்சான். அவ்ளோதான்."

"அவர் வண்டியிலயே நேரா சுடற மான் துப்பாக்கி தொங்குது. அதை விட்டுட்டு, எங்க போகும்னு தெரியாத கோணலை எடுப்பாரா?"

"நல்ல கேள்விதான். ஆனா ஜூரிக்கு இது பத்தாது மார்வா. கோணல் தெரியாத ஒருத்தன் எடுத்துச் சுட்டான்னு வையி. அவன் குறி எங்க இருந்திருக்கும்? டென்னிக்கு ஒரு முழம் வலது பக்கம். அங்க…"

அவர் நிறுத்திக்கொண்டார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

மார்வா அலைபேசியை எடுத்து நேற்றைய பதிவுகளில் ஒன்றை ஓடவிட்டாள். முடிந்ததும் திரும்ப ஒருமுறை ஓடவிட்டாள். ஷெரிஃப் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். இரண்டு பேரும் ஓட்டமும் நடையுமாக வண்டிக்குப் போனார்கள்.

ஸ்டம்ப் வீட்டில் ராய்ஸ் சமையலறை மேஜையில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தான். ட்ரீனா அவனுக்கு சூப் சூடாக்கிக்கொண்டிருந்தாள். அவள் உயிரோடு நிற்பதைப் பார்த்ததும் மார்வாவுக்கு மூச்சு வந்தது.

"உக்காரு மார்வா. டென்னி அம்மாவப் பாத்துட்டு வந்தோம். ராய்ஸால தாங்க முடியல."

"நேத்து சொன்னத ஒரு தடவ சரி பாக்கணும் ராய்ஸ். சத்தம் கேட்டப்ப ஆப்பிள் பை எடுக்க வண்டிக்குப் போனே."

"ஆமா."

ட்ரீனா கரண்டியோடு திரும்பினாள். "எந்தப் பை? நான் செஞ்சது ஒண்ணுதானே. வந்தவுடனே நானே கொண்டுபோய் மேஜைல வச்சேனே."

"தெரியும் ட்ரீனா. ரெண்டு துண்டு நானே தின்னேன். தின்ன வாய்க்கே நேத்து ஒறைக்கல."

"மறந்திருப்பேன்," என்றான் ராய்ஸ். "வேற எதுக்கோ போனேன். இந்த நெலமைல என்ன ஞாபகம் இருக்கும்?"

"சரி. ஆர்லோவோட துப்பாக்கிய ஆகஸ்டுக்கு அப்புறம் நீ பாக்கல."

"பாக்கல."

"உறுதியா?"

"எத்தன தடவ சொல்றது? பாக்கல!"

மார்வா டப்பாவைத் திறந்து இரண்டு கறுப்பு இரும்புத் துண்டுகளையும் மேஜையில் கொட்டினாள்.

"ஆகஸ்ட்ல நீ சுட்டப்ப அதுல இருந்தது இதுதான். பாரு. ஒரு பொட்டு கெடையாது, கறுப்பு. ஆரஞ்சுப் பொட்டு ஏறினது இந்தப் புதன்கெழம. அவர் அதை எவனுக்கும் காட்டல, காட்ட வெக்கம். சனிக்கெழம வண்டியிலேர்ந்து எடுத்தது நான். எடுத்தவுடனே பூட்டிட்டேன். ஆர்லோ, நான், ரெண்டே பேர்தான் அந்தப் பொட்டப் பாத்தோம். ஆனா நேத்து ஏழு மணிக்கு அழுதுகிட்டே நீ சொன்னே, ஆரஞ்சுப் பொட்டை டென்னி நெஞ்சுல வச்சான்னு. அது உனக்கு எப்படித் தெரியும்?"

ராய்ஸ் மறுபடி மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

"புதுப் பொட்டப் பாத்ததும் சார்ல்ஸ்டன் வேலைன்னு நெனச்சிருப்பே. ஆர்லோ வீட்ல சுத்தியல் எடுப்பார்னு யாருக்குத் தோணும்? தப்பாத துப்பாக்கின்னு நம்பி எடுத்தே. சுட்டுட்டு ஓடைல போடறதாத்தான் இருந்திருக்கும். டென்னி விழுந்ததும், டென்னிக்கும் ஆர்லோவுக்கும் இருக்கற பகை ஞாபகம் வந்துச்சு. பெட்டிலயே திருப்பி வச்சுட்டே."

"பைத்தியமா மார்வா உனக்கு?" ட்ரீனா கத்தினாள். "டென்னிய இவன் எதுக்குச் சுடணும்? டென்னின்னா இவனுக்கு உயிரு! ராத்திரி பூரா தூங்கல இவன்!"

"டென்னிய இல்ல ட்ரீனா." மார்வா அவள் பக்கம் திரும்பினாள். "அந்தத் துப்பாக்கி ஒரு முழம் இடது பக்கம் தள்ளிச் சுடும். ஓடைக்கரைலேர்ந்து பாத்தா டென்னி உனக்கு இடது பக்கம் நின்னான்."

அடுப்பில் சூப் பொங்கி வழிந்தது. யாரும் அதை அணைக்கவில்லை.

"ஒஹையோ போனா திரும்பி வர்றதா இல்ல, அப்படித்தானே ட்ரீனா?" என்றார் ஷெரிஃப் மெதுவாக.

ட்ரீனா ஆமாம் என்று தலையாட்டினாள். "போன ஞாயித்துக்கெழம இவன்கிட்ட சொன்னேன். போறேன், வர மாட்டேன்னு. சரின்னான். ஒரு வார்த்தை திட்டல. நல்லவிதமாப் போச்சேன்னு நெனச்சேன்."

ராய்ஸ் தலையைத் தூக்கினான். அவன் மனைவியைப் பார்க்கவில்லை; மேஜைமேல் கிடந்த கறுப்புத் தட்டையே பார்த்தான்.

"பொட்டு உன் மேலதான் இருந்துச்சு," என்றான். "சத்தியமா உன் மேலதான் இருந்துச்சு. அவன் விழுந்தான். எனக்கு ஒண்ணுமே புரியல."

ட்ரீனா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "என் மடில படுத்து அழுதியே," என்றாள். "ராத்திரி பூரா உன் தலையத் தடவிக் குடுத்தேனேடா, பாவி."

ஷெரிஃப் ராய்ஸைக் கூட்டிக்கொண்டு போனபோதும் அவன் டென்னியின் பேரைச் சொல்லி அழுதுகொண்டுதான் போனான். அந்த அழுகையில் பொய் ஒரு சொட்டும் கிடையாது. அதனால்தான் ஊரில் ஒருத்தருக்கும் அவன்மேல் சந்தேகம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, மாலை.

மார்வா பூட்டைத் திறந்து, நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் ஆர்லோவிடம் சொன்னாள். கேட்டு முடித்தவர் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை.

"போலாம் ஆர்லோ. வில்லா வெளில நிக்கறா. என்ன ஒண்ணு, கோர்ட்ல கூண்டுல ஏறி இதையெல்லாம் கிளப் ஆளுங்க முன்னாடி சொல்ல வேண்டியிருக்கும். கண்ணு, சுத்தியல், எல்லாம்."

"சொல்றேன். அதுக்கென்ன."

மார்வா கம்பிக் கதவை அகலத் திறந்துவைத்தாள்.

"மார்வா, நான் அந்தத் தட்ட ஒழுங்கா நடுவுல நிறுத்திருந்தா?"

"ட்ரீனா செத்திருப்பா."

"நான் தொடாம அப்படியே விட்டிருந்தா?"

"அப்பவும் ட்ரீனாதான்."

"கெடுத்து வச்சேன். டென்னி போனான்." அவர் கறுத்த கட்டைவிரலை மற்றக் கையால் மூடிக்கொண்டார். "குழில வைப்பேன்னு சொன்னேனே அவன. ஊரே கேக்கச் சொன்னேனே."

"சுட்டது ராய்ஸ். நீங்க இல்ல."

"தெரியும்மா. தெரியும்." ஆர்லோ கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். நடக்கத் தெரியாதவர் மாதிரி இரண்டு எட்டு வைத்தார். வாசலில் வில்லா ஓடிவந்து கையைப் பிடித்தாள். அவர் அவளுக்குத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு மார்வாவின் பக்கம் திரும்பினார்.

"வீட்டுக்கு அப்புறம் போறேன். டென்னியோட அம்மா வீட்டுக்கு என்னைக் கூட்டிட்டுப் போறியா? அந்த அம்மா கதவ மூஞ்சில சாத்தினாலும் சரி. நான் போய் நிக்கணும்."

மார்வா வண்டியின் முன் கதவைத் திறந்துவிட்டாள்.